முப்பது கிராமின் விலை: மலை சைக்கிளின் செயின்ரிங் பற்றி ஒரு குறிப்பு

போன வாரம் நண்பர் ஒருத்தர் வாட்ஸப்பில் ரெண்டு படம் அனுப்பினார். ரெண்டும் மலை சைக்கிளின் முன்பக்கப் பல்சக்கரம், அதாவது செயின்ரிங். ரெண்டுக்கும் 32 பல். ஒன்று 92 கிராம், இன்னொன்று 61 கிராம். லேசானது பார்க்க அழகாக இருந்தது. நடுவில் எல்லாம் குடைந்து எடுத்து, சிலந்தி வலை மாதிரி மெலிந்த கைகள் மட்டும் மிச்சம். விலை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கீழே ஒரே ஒரு வரி: "வாங்கலாமா, வேணாமா?"

"வேணாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் என் வலது முழங்காலில் மூணு தையல் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணம் இப்படியொரு லேசான செயின்ரிங்தான் என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது, பழியில் பாதிக்கு மேல் என் பங்கு என்று தெரிந்தது. அப்போது எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

முதலில், அதன் மேல் விழும் பாரம்

நாம் சின்ன வயசில் ஓட்டிய கறுப்பு சைக்கிளில் முன்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பல்சக்கரம் இருக்குமே, அதே வேலைதான் இதற்கும். பெடலை மிதிக்கிறோம், கிராங்க் சுற்றுகிறது, அதோடு சேர்ந்து பல்சக்கரம் சுற்றி செயினை இழுக்கிறது. வித்தியாசம், இது கல்லும் வேரும் சேறுமான பாதையில், ரொம்பச் செங்குத்தான ஏற்றத்தில் இதைச் செய்ய வேண்டும்.

எவ்வளவு இழுவை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி அரை அங்குலம், 12.7 மி.மீ. இது உலகம் முழுக்க ஒரே அளவு. அதனால் 32 பல் உள்ள ரிங்கின் விட்டத்தைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம்: சுமார் 130 மி.மீ. ஆரம் 65 மி.மீ. கிராங்கின் நீளம் சாதாரணமாக 170 மி.மீ. ஆக, கிராங்க் ஒரு நெம்புகோல். காலில் கொடுக்கும் விசை செயினுக்குப் போய்ச் சேரும்போது 170-ஐ 65-ஆல் வகுத்தால் வரும் அளவுக்கு, அதாவது 2.6 மடங்குக்குப் பெருகிவிடுகிறது.

75 கிலோ எடையுள்ள ஒருவர் ஏற்றத்தில் எழுந்து நின்று, மொத்த எடையையும் ஒரு பெடல் மேல் போட்டால் செயினில் வரும் இழுவை கிட்டத்தட்ட 200 கிலோ. ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே மிதித்தால் அதைவிடவும் கூடும். இரண்டு சிமெண்டு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் கூட 100 கிலோதான். அதைப்போல ரெண்டு பங்கை இந்த 60, 90 கிராம் தகடு தாங்குகிறது.

இதில் இன்னொரு விஷயம். செயின் ரிங்கில் பாதி வட்டம் சுற்றியிருக்கும், ஏறத்தாழ 16 பல். ஆனால் பாரத்தை 16 பல்லும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. இழுவை உள்ள செயின் மேல்பக்கமாக வந்து உட்காரும் முதல் சில பற்கள்தான் பெரும்பங்கைச் சுமக்கும். அடுத்தடுத்த பல்லுக்குப் போகப் போக பாரம் குறைந்துகொண்டே போகும். பல்லின் வடிவமும் கடினமும் முக்கியம் என்று சொல்வதன் அர்த்தம் இதுதான்.

மூணு ரிங் ஒண்ணான கதை

லேசான செயின்ரிங் என்றதும் எல்லாரும் துளை போட்ட அலுமினியத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் மலை சைக்கிளின் முன்பக்கம் நிஜமாக எடை குறைந்தது, ரிங்கைக் குடைந்ததால் இல்லை. மூணு ரிங்கில் ரெண்டைத் தூக்கி எறிந்ததால்தான்.

2000-களில் மலை சைக்கிள் என்றால் முன்னால் மூணு ரிங். 22, 32, 44 பல் என்பது வழக்கமான அளவு. ரிங்கை மாற்றுவதற்கு முன்பக்கம் ஒரு டிரெயிலியர், அதாவது செயினைத் தள்ளி கியர் மாற்றும் கூண்டு. அதற்கு ஒரு கேபிள். ஹேண்டில்பாரில் அதற்கு ஒரு லீவர். இத்தனையும் போனால் சில நூறு கிராம் போகும். அப்படியானால் முதலிலேயே போட்டுத் தள்ளியிருக்கலாமே?

முடியவில்லை, இரண்டு காரணம். ஒன்று, ஏற்றத்துக்குத் தேவையான லேசான கியர் கிடைக்காது. இரண்டு, செயின் ரிங்கில் நிற்காது.

இரண்டாவதை யோசித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மூணு ரிங் உள்ள அமைப்பில் ஒவ்வொரு ரிங்கும் செயினை சுலபமாக விட்டுக்கொடுக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கும். அப்போதுதான் அடுத்த ரிங்குக்குத் தாவ முடியும். சில பற்களை வேண்டுமென்றே குட்டையாக்குவார்கள், பக்கவாட்டில் சரிவு செதுக்குவார்கள், செயினைத் தூக்கிவிடச் சின்ன ஊசி பதிப்பார்கள். அதாவது செயினைக் கழற்றிவிடுவதற்கே செய்த ரிங் அது. அதில் ஒன்றை மட்டும் தனியாக வைத்துக் கல்பாதையில் ஓட்டினால், செயின் கழண்டு விழாமல் வேறென்ன செய்யும்? அந்தக் காலத்தில் ஒத்தை ரிங் போட்டவர்கள் கூடவே செயின் கைடு என்று ஒரு காவல் கூண்டையும் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

முதல் சிக்கலைத் தீர்த்தது பின்பக்கம். 2012-இல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற தொகுதியைக் கொண்டுவந்தது. முன்னால் ஒரே ரிங், பின்னால் 10 பல்லிலிருந்து 42 பல் வரை 11 சக்கரம். 2016-இல் அதே நிறுவனத்தின் ஈகிள் வந்தபோது பின்னால் 12 சக்கரம், பெரியது 50 பல். 2018-இல் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் 51 பல்லுக்குப் போனது.

இப்போது வகுத்துப் பாருங்கள். பழைய அமைப்பில் மிக லேசான கியர் 22-க்கு 36, அதாவது 0.61. புது அமைப்பில் 30-க்கு 50, அதாவது 0.60. ஏற்றத்தில் ஒன்றும் இழக்கவில்லை. இழந்தது வேகத்தின் உச்சியில்: பழைய 44-க்கு 11 என்பது 4.0, புதிய 30-க்கு 10 என்பது 3.0. 29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் அந்த 3.0 கியரில் மணிக்கு 33 கி.மீ. காட்டுப்பாதையில் அதற்கு மேல் மிதித்து ஓட்ட யாருக்கு இடம் கிடைக்கிறது?

ஒரு பல் தடிமன், ஒரு பல் மெல்லிசு

இரண்டாவது சிக்கலுக்கு வந்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது செயினை உற்றுப் பார்த்தாலே தோன்றிவிடக்கூடியது.

ஒரு செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்லா கண்ணியும் ஒரே மாதிரி இல்லை. ஒரு கண்ணியில் தட்டுகள் உள்பக்கம், அடுத்ததில் வெளிப்பக்கம். இப்படி மாறி மாறி வரும். உள்தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இன்றைய செயின்களில் 2.2 மி.மீ. அளவுதான். வெளித்தட்டுகளுக்கு நடுவே அதைவிட நிறைய இடம். சாதாரண ரிங்கில் எல்லாப் பல்லும் குறுகிய இடைவெளிக்கு ஏற்ற தடிமனில்தான் இருக்கும். அகலமான இடைவெளியில் அந்தப் பல் லொடலொடவென்று நிற்கும். அதாவது பாதிக் கண்ணிகளில் செயின் பக்கவாட்டில் ஆடும்.

அப்படியானால் ஒன்றுவிட்டு ஒரு பல்லைத் தடிமனாக்கி அகல இடைவெளியை நிரப்பிவிட்டால்? அதுதான் நேரோ-வைட். ஸ்ராம் இதற்கு எக்ஸ்-சிங்க் என்று பெயர் வைத்து எக்ஸ்எக்ஸ்1-உடன் விற்றது. கூடவே பல்லின் உயரத்தையும் கூட்டினார்கள், தாவ வேண்டிய அவசியம் இல்லாததால் குட்டைப் பல், சரிவு எதுவும் தேவையில்லை. பின்பக்க டிரெயிலியரில் ஒரு கிளட்ச்சும் அதே காலத்தில் வந்தது. அது செயினின் கீழ்ப்பகுதி சாட்டை மாதிரி அடித்துக்கொள்வதைத் தடுக்கும். இந்த மூன்றும் சேர்ந்தபோது காவல் கூண்டு இல்லாமலே செயின் நின்றது.

இதிலிருந்து ரெண்டு விஷயம் தானாகப் புரியும். ஒன்று, நேரோ-வைட் ரிங்கில் பற்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான்: 28, 30, 32, 34. 31 பல் நேரோ-வைட் என்று ஒன்று இருக்க முடியாது. இரண்டு, செயினைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது தடித்த பல் மேல் வெளித்தட்டுக் கண்ணி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் தடித்த பல் குறுகிய கண்ணிக்குள் நுழையாமல் செயின் மேலேயே ஏறி நிற்கும். புதுசாக மாட்டுகிறவர்கள் "ரிங் கோளாறு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

இந்த யோசனை சைக்கிளுக்குப் புதுசு, உலகத்துக்குப் புதுசு இல்லை. மாறி மாறித் தடித்த பல், மெலிந்த பல் வைத்த சக்கரத்துக்கு 1979-லேயே அமெரிக்காவின் கெல் என்ற விவசாய இயந்திரக் கம்பெனி காப்புரிமை வாங்கியிருக்கிறது. அதனால்தான் பிறகு வழக்கு வந்தது. ஸ்ராமின் காப்புரிமைகளை, ரேஸ்ஃபேஸ் ரிங்குகளின் உரிமையாளரான ஃபாக்ஸ் ஃபேக்டரி எதிர்த்தது. "எங்கள் ரிங் இவ்வளவு விற்றதே, இவ்வளவு பாராட்டு வாங்கியதே, இது வெளிப்படையான யோசனையாக இருந்தால் முன்பே யாராவது செய்திருக்க மாட்டார்களா" என்பது ஸ்ராமின் வாதம். காப்புரிமை வாரியம் அதை ஏற்றது. ஆனால் 2019 டிசம்பரில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது: வெற்றிக்குக் காரணம் இந்தக் காப்புரிமையில் சொன்ன அம்சம்தானா, இல்லை அதே ரிங்கில் உள்ள வேறு அம்சமா? ஏனென்றால் பல்லின் பாதி உயரத்தில் அகல இடைவெளியின் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புகிற அம்சம் ஸ்ராமின் வேறொரு காப்புரிமையில் இருந்தது.

சட்டச் சண்டையை விடுங்கள். நமக்குத் தேவையான துப்பு இதில் இருக்கிறது. செயினைப் பிடித்து நிறுத்துவதில், பல் அந்த இடைவெளியை எவ்வளவு நிரப்புகிறது என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம். அதாவது மி.மீ.-இல் பின்ன அளவுகள்தான் இங்கே சாமான். அந்தப் பின்ன அளவு தேய்ந்து போனால்? இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தழும்புக்கு வரும்போது தேவைப்படும்.

லேசாவது எப்படி

130 மி.மீ. விட்டம், 4 மி.மீ. தடிமன் உள்ள முழு அலுமினிய வட்டத்தகடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். எடை சுமார் 148 கிராம் வரும். நண்பரின் 92 கிராம் ரிங்கில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். 61 கிராம் ரிங்கில் பாதிக்கு மேல் போயாச்சு.

எங்கிருந்து எடுக்கலாம்? பல் வட்டத்தில் கைவைக்க முடியாது, அங்கேதான் வேலை நடக்கிறது. நடுவில் கிராங்கோடு சேரும் இடத்தில் கைவைக்க முடியாது, மொத்த முறுக்கும் அங்கே போகிறது. மிச்சம் இருப்பது இரண்டையும் இணைக்கும் கைகள். அதைத்தான் மெலிக்கிறார்கள், பின்பக்கம் குழி தோண்டுகிறார்கள்.

டைரக்ட் மவுண்ட் என்ற முறை இதில் பெரிய உதவி. முன்பு கிராங்கில் நான்கு கை நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஸ்பைடர் என்று பெயர். அதில் ரிங்கை நான்கு போல்ட் போட்டு முறுக்குவார்கள். போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டம் 104 மி.மீ. இதில் ஒரு தொல்லை: 30 பல் ரிங்கின் விட்டமே 121 மி.மீ.தான். போல்ட் தலைக்கும் செயினுக்கும் நடுவில் இடமே இல்லை. டைரக்ட் மவுண்டில் ஸ்பைடரும் இல்லை, நான்கு போல்ட்டும் இல்லை, ரிங் நேராகக் கிராங்கில் பல்லிணைப்பாகப் போய் உட்காரும். எடையும் குறையும், 28 பல் வரை சின்னதாகவும் போகலாம்.

அடுத்து உலோகம். நல்ல ரிங்குகளில் "7075" என்று எழுதியிருக்கும். இது துத்தநாகம், மெக்னீசியம், செம்பு கலந்த அலுமினியக் கலவை. விமானப் பாகங்களில் புழங்குவது. டி6 என்ற பதத்தில் இது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம் சுமார் 500 மெகாபாஸ்கல். மலிவான 6061-டி6 அலுமினியத்துக்கு அது சுமார் 275. ஆனால் இரண்டுக்கும் எடை ஏறத்தாழ ஒன்றே, விறைப்பும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் "7075, ஆகவே லேசு" என்பது சரியில்லை. 7075 என்றால் மெலிசாகச் செதுக்கினாலும் உடையாது, அவ்வளவுதான்.

டைட்டானியம் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. அது அலுமினியத்தைவிட லேசு இல்லை. ஒரு கன செ.மீ. அலுமினியம் 2.8 கிராம், டைட்டானியம் 4.4, ஸ்டீல் 7.85. அதே அச்சில் டைட்டானியம் ரிங் செய்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் எடை. டைட்டானியத்தின் பலன் தேய்மானத்தில்தான். ஷிமானோ ஒரு காலத்தில் எக்ஸ்டிஆரின் நடு ரிங்குக்கு டைட்டானியப் பல் வைத்ததும், இன்றைக்கு 12-ஸ்பீடு எக்ஸ்டி ரிங்கில் பல் வட்டத்தை ஸ்டீலிலும் நடுப்பாகத்தை அலுமினியத்திலும் செய்வதும் அதே யோசனைதான்: உழைக்கிற இடத்தில் கடினம், சும்மா தாங்குகிற இடத்தில் லேசு.

சரி, முப்பது கிராமால் என்ன லாபம்?

"சுற்றுகிற பாகத்தில் ஒரு கிராம் குறைந்தால் மற்ற இடத்தில் பல கிராம் குறைந்ததற்குச் சமம்" என்று ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. டயருக்கு இதில் பாதி உண்மை இருக்கிறது. டயரின் விளிம்பு சைக்கிள் போகும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் அங்கே ஒரு கிராமுக்கு இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு, பல மடங்கு எல்லாம் இல்லை.

செயின்ரிங்? அது சக்கரத்தின் வேகத்தில் சுற்றவில்லை, நம் காலின் வேகத்தில் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று, 65 மி.மீ. ஆரம் என்றால் பல்லின் வேகம் வினாடிக்கு சுமார் 54 செ.மீ. சைக்கிள் வினாடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வையுங்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் சுற்றுவதால் கூடும் ஆற்றல் நேராகப் போவதில் உள்ளதன் 1 சதவீதம் அளவுதான். ஆக, செயின்ரிங்கில் 30 கிராம் குறைந்தால் 30 கிராம்தான் குறைந்தது. அதற்கு விசேஷ மரியாதை எதுவும் கிடையாது.

ஏற்றத்தில்? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 88 கிலோ என்போம். செங்குத்தான ஏற்றத்தில் நேரம் ஏறத்தாழ மொத்த எடைக்கு நேர்விகிதம். ஒரு மணி நேரம் ஏறுகிற மலையில் 30 கிராம் மிச்சம் பிடித்தால் கிடைப்பது 1.2 வினாடி. வழியில் ஒருதரம் மூக்கைத் துடைத்தால் அது போச்சு. 30 கிராம் என்பது ஒரு வாய்த் தண்ணீர். டயரில் ஒட்டியிருக்கும் சேறு இதைப்போலப் பல மடங்கு.

பந்தயக்காரர்களுக்கு அந்த 1.2 வினாடியும் முக்கியமாக இருக்கலாம். அவர்கள் இப்படிப் பத்து இடத்தில் குறைத்து 300 கிராம் ஆக்குவார்கள், ரிங் தேய்ந்தால் மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். நம் நிலைமை வேறு.

தழும்பின் கதை

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். சில வருஷம் முன்பு நானும் ஒரு லேசான ரிங் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. தராசில் வைத்துப் பார்த்து 28 கிராம் குறைந்ததில் அவ்வளவு சந்தோஷம். மாட்டும்போது செயினை மாற்றவில்லை. "ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்று விட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதே செயினோடு சேற்றில் ஓட்டினேன்.

அது முடிகிற சமயத்தில், ஒரு செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. காலுக்குக் கீழே பெடல் திடீரென்று காணாமல் போன மாதிரி ஓர் உணர்வு. செயின் ரிங்கைவிட்டு வெளியே. முன்பு சொன்ன அந்த 75 கிலோவுக்கு எதிர்ப்பே இல்லாமல் கால் கீழே போனது, உடம்பு முன்னால் போனது, முழங்கால் ஹேண்டில்பார் போல்ட்டில் மோதியது. வலப்பக்கம் பத்தடிப் பள்ளம். இடப்பக்கமாக விழுந்தேன். அதை என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன், அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்து ரிங்கைக் கழற்றிப் பார்த்தால், பற்கள் சுறாவின் முதுகுத்துடுப்பு மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருந்தன. தடித்த பல்லுக்கும் மெலிந்த பல்லுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. நேரோ-வைட் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

ஏன் இப்படி ஆச்சு? செயின் "நீளுகிறது" என்று சொல்கிறோம், உண்மையில் இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் அது உட்காரும் இடமும் தேய்ந்து, 12.7 மி.மீ. என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. 0.5 சதவீதம் கூடினால் 12-ஸ்பீடு செயினை மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ரிங்கின் பல்லிடைவெளியோ அப்படியே இருக்கிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பாரம் இன்னும் குறைவான பற்களில் குவியும். அந்தப் பற்கள் வேகமாகத் தேயும். தேய்ந்த பல் செயினை இன்னும் தேய்க்கும்.

சேறு இதில் எண்ணெய் ஊற்றுகிறது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சாதாரண இரும்பைவிடவே கடினம். அலுமினியத்தைக் கேட்கவே வேண்டாம். ரிங்கின் மேல் அனோடைஸ் பூச்சு கடினமானதுதான், ஆனால் அது மி.மீ.-இல் நூறில் சில பங்கு தடிமன். பல்லின் முகத்தில் அது சீக்கிரம் போய்விடும், அதன்பின் வெறும் அலுமினியம்.

அன்றைக்கு என் செயினை அளந்தபோது 0.75 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. லேசான ரிங் சீக்கிரம் தேய்ந்தது உண்மை. ஆனால் அதை அரைத்துத் தின்னது நான் மாற்றாமல் விட்ட செயின்.

30-ஆ, 32-ஆ?

எடையைக் குறைக்க இன்னொரு வழி சின்ன ரிங் போடுவது. சில கிராம் குறையும், ஏற்றம் லேசாகும். ஆனால் இலவசம் இல்லை. அதே மிதிக்கு செயினில் இழுவை 6, 7 சதவீதம் கூடும். அதைத் தாங்கும் பற்களும் குறைவு. செயின் ஒவ்வொரு பல்லிலும் 11.25 டிகிரி மடங்கியது இப்போது 12 டிகிரி மடங்கும். மடங்கும் கோணம்தான் உராய்வு. 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செயின் ஓட்டத்தை வெப்பக் கேமரா வைத்து ஆராய்ந்தபோது, சிறந்த நிலையில் 98.6 சதவீதம் ஆற்றல் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய பல்சக்கரங்களில் இழப்பு குறைவு என்பதும் அதில் தெரிந்த ஒன்று.

அதனால் ரிங்கின் அளவை உங்கள் ஊர் ஏற்றமும் உங்கள் காலும் முடிவு செய்யட்டும், தராசு வேண்டாம். கடைசி கியரிலும் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க முடியவில்லை என்றால் 30 போடுங்கள். முடிகிறது என்றால் 32 நல்லது.

நண்பருக்கு எழுதிய பதில்

கடைசியில் நான் அனுப்பியது இதுதான். 92 கிராம் ரிங்கையே வாங்குங்க. சேற்றில் நிறைய ஓட்டுவீங்கன்னா ஸ்டீல் பல் வைத்ததைக்கூட யோசிக்கலாம், அது இன்னும் எடை, ஆனா பல மடங்கு உழைக்கும். மிச்சமாகிற காசில் ஒரு செயினும், செயின் அளக்கிற சின்னக் கருவியும் வாங்குங்க. கருவி இல்லைன்னா ஸ்டீல் ஸ்கேல் போதும்: 12 ஜோடிக் கண்ணி, ஊசி நடுவிலிருந்து ஊசி நடு வரைக்கும், புதுசில் 304.8 மி.மீ. அது 306.3-ஐத் தொட்டா செயினை மாத்திடுங்க. புது ரிங் போடும்போது கூடவே புது செயின். மாட்டும்போது தடித்த பல்லுக்கு வெளித்தட்டு. மாசம் ஒருதடவை ரிங்கைத் துடைத்து, பக்கத்துப் பல் ரெண்டையும் மேலிருந்து பாருங்க. தடிமன் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியலைன்னா, எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது பழைய இரும்புக்கடை சாமான்.

"அப்ப லேசான ரிங் யாருக்குத்தான்?" என்று கேட்டார். காய்ந்த பாதையில் ஓட்டி, செயினைத் தவறாமல் அளந்து, ஒவ்வொரு வருஷமும் ரிங்கை மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். 28 கிராம் குறைந்ததென்று நானும் தராசைப் பார்த்துச் சிரித்தவன்தானே.

என் பழைய ரிங்கை இன்னும் தூக்கிப் போடவில்லை. மேசை மேல் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். ரொம்ப லேசு, அந்த வேலைக்கும் சரிப்படவில்லை.